‘பார்த்துப் போ’ என்றால் எதைப் பார்ப்பது?

கேள்வி: எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு கிராமம். மகள் ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். பள்ளி இரண்டரை கிலோமீட்டர், மெயின் ரோட்டிலேயே போக வேண்டும். மகன் மூன்றாம் வகுப்பு. அவன் பள்ளி அரை கிலோமீட்டர்தான், ஆனால் பஸ் ஸ்டாப் பக்கத்தில் மெயின் ரோட்டைத் தாண்ட வேண்டும். இதுவரை நானே ஸ்கூட்டரில் விட்டுவந்தேன். இப்போது பனியன் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, ஏழரைக்கே கம்பெனி வேன் வந்துவிடும். கணவர் திருப்பூரில் தங்கி வேலை பார்க்கிறார். மகள் எங்கள் வீதியில் நன்றாகச் சைக்கிள் ஓட்டுவாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் சும்மா நிற்கிறது, அதை வாங்கிவிடலாம் என்கிறார் மாமனார். வாய்க்கால் மேட்டு வழியாகப் போனால் அரை கிலோமீட்டர் கூட ஆகும், ஆனால் மெயின் ரோடு கடைசியில் பாலத்தருகே மட்டும்தான் வரும். மாமியாரோ, “சின்னப் பிள்ளைகளை ரோட்டில் விட்டுட்டு அப்படி என்ன வேலை?” என்கிறார். பிள்ளைகளைத் தனியாக அனுப்பலாமா? என்ன சொல்லிக்கொடுத்து அனுப்புவது?

— பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

சகோதரிக்கு வணக்கம்.

முதலில் கேட்டதற்குப் பதில். மகளை அனுப்பலாம். ஆனால் அந்தச் சைக்கிளில் வேண்டாம், பள்ளி திறக்கும் முதல் நாளே தனியாகவும் வேண்டாம். மகனைத் தனியாக மெயின் ரோட்டைத் தாண்ட விடாதீர்கள். இந்த வருடமும் வேண்டாம், அடுத்த வருடமும் வேண்டாம். வேலையை விட வேண்டாம். மாமியார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதற்காக உங்கள் சம்பளத்தை நிறுத்த வேண்டியதில்லை.

நான் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். விபத்து நடந்தால் காவல் நிலையத்துக்குப் போய், அங்கே நிறுத்தியிருக்கும் வண்டியைச் சோதித்து, இயந்திரக் கோளாறு காரணமா இல்லையா என்று எழுதித் தருவதும் எங்கள் வேலைதான். லாரிக்குப் பக்கத்தில் சில நாள் ஒரு சைக்கிளும் சாய்ந்து கிடக்கும். ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை அப்படியே தொங்கும். லாரியை ஓட்டிப் பார்ப்பேன், பிரேக் நன்றாகப் பிடிக்கும். ‘பிரேக் நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். அப்படி எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு பள்ளிகளில் சாலைப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கப் போனதற்கு அந்தக் கையெழுத்துகளும் ஒரு காரணம்.

வகுப்பில் நான் முதலில் கேட்பது இதுதான்: “வீட்டிலிருந்து கிளம்பும்போது அம்மா என்ன சொல்லுவாங்க?” நூறு பிள்ளைகளும் ஒரே குரலில், “பார்த்துப் போ!” என்பார்கள். சரி, எதைப் பார்க்கணும் என்று கேட்டால் சத்தம் அடங்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஒருவன் எழுந்து “வண்டி” என்பான். எந்தப் பக்கத்து வண்டி? எவ்வளவு தூரத்தில் வந்தால் போகலாம், எவ்வளவு தூரத்தில் வந்தால் நிற்கணும்? பதில் இருக்காது. பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன செய்வது? நாமே சொல்லிக்கொடுத்ததில்லை.

ஒவ்வொரு மே மாதமும் பள்ளிப் பேருந்துகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்திச் சோதிப்போம். படிக்கட்டு உயரம், அவசர வழி, தரைப் பலகை எல்லாம் பார்ப்போம். 2012-இல் சென்னைக்கு அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்துபோனாள். அதற்குப் பிறகு பள்ளிப் பேருந்துகளுக்கென்றே தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. வந்தது நல்லதுதான். ஆனால் நடந்து வரும் பிள்ளைக்கும் சைக்கிளில் வரும் பிள்ளைக்கும் அப்படி மே மாதச் சோதனை கிடையாது. அந்தச் சோதனையை நீங்கள்தான் செய்ய வேண்டும். கையில் இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, போதும்.

மகனிடமிருந்து தொடங்குகிறேன், அவன் வழிதான் சிறியது, ஆபத்தும் அதில்தான் கூட.

ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு அந்த பஸ் ஸ்டாப்புக்குப் போய், அவன் எங்கே நின்று ரோட்டைப் பார்ப்பானோ அங்கே முட்டி போட்டுப் பாருங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். உங்கள் கண் இப்போது அவன் கண் உயரத்தில் இருக்கும். ஓரத்தில் நிற்கும் லோடு ஆட்டோ ஒரு மதில் சுவராகத் தெரியும். அதற்குப் பின்னால் வரும் பைக் தெரியவே தெரியாது. பைக்காரருக்கும் உங்களைத் தெரியாது. எட்டு வயதுப் பையன் பார்க்கவில்லை என்று நாம் திட்டும் பல நேரங்களில் அவன் பார்த்துத்தான் இருப்பான். தெரியத்தான் தெரிந்திருக்காது.

உயரம் மட்டுமில்லை. தூரத்தில் வரும் வண்டி கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிந்து, கிட்டே வர வரப் பெரிதாகும். எவ்வளவு சீக்கிரம் பெரிதாகிறது என்பதை வைத்துத்தான் நாம் அதன் வேகத்தைக் கணிக்கிறோம். இந்தக் கணிப்பு பிள்ளைகளுக்கு மெதுவாகத்தான் முதிரும். லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரியில் இதைச் சோதித்தார்கள். மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் வேகமாக வரும் வண்டி நெருங்குவது, தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளின் கண்ணில் படாமலே போகலாம் என்று கண்டார்கள். நம் மெயின் ரோட்டில் 32-இல் போவது மாட்டுக்குப் புல் ஏற்றிவரும் மொபெட் மட்டும்தான். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு வேண்டாம் என்றேன். அவன் கெட்டிக்காரனா இல்லையா என்பது வேறு விஷயம். பத்து வயது வாக்கில், பழக்கிய பிள்ளையாக இருந்தால், யோசிக்கலாம்.

அதுவரை சும்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதா என்றால், இல்லை. கையைப் பிடித்தபடியே பழக்க வேண்டும். விரலைப் பிடிக்காதீர்கள், உதறிக்கொண்டு ஓடிவிடுவான், மணிக்கட்டைப் பிடியுங்கள். வண்டி போகும் பக்கம் நீங்கள், ஓரப் பக்கம் அவன். நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். நம் ஊரில் பாதிப் பேர் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இடது ஓரமாகவே நடக்கிறார்கள்.

தாண்டும் இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது வலது பக்கம், அப்புறம் இடது, மறுபடி வலது. நம் நாட்டில் வண்டி இடது பக்கமாகப் போவதால், நாம் கால் வைக்கும் பாதியில் வருகிற வண்டி வலது பக்கத்திலிருந்துதான் வரும். இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. செல்போனில் பிள்ளைகள் பார்க்கும் அமெரிக்கப் பாட்டுகளில் ‘இடது, வலது, இடது’ என்று வரும். அவர்கள் ஊரில் வண்டி வலது பக்கம் போகிறது, அவர்களுக்கு அது சரி. ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பே அதை அபிநயத்தோடு ஆடிக்காட்டியது. டீச்சருக்கு ரொம்பப் பெருமை. எனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், கைதட்டிவிட்டுப் பிறகு தனியாகச் சொன்னேன். நம்மிடமும் ராங் சைடில் வரும் பைக்குகள் உண்டு. அதனால் இடது பக்கத்தை ஒப்புக்குப் பார்க்கக் கூடாது, நிஜமாகவே பார்க்க வேண்டும்.

இனி வேகக் கணக்கு. இரண்டு வழிச் சாலை பொதுவாக 7 மீட்டர் அகலம். பிள்ளை நடந்து தாண்ட ஏறக்குறைய 7 நொடி. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்து அந்த 7 நொடியில் 117 மீட்டர் ஓடிவந்துவிடும். 80-இல் வரும் பைக் 155 மீட்டர் வந்துவிடும். நல்ல பிரேக் உள்ள காரே 60-இல் வந்தால், ஓட்டுநர் பார்த்துக் காலை அழுத்தி வண்டி நிற்க 35, 40 மீட்டர் ஆகும். 30-இல் வந்தால் 13 மீட்டரில் நின்றுவிடும். பிரேக் நல்ல நிலையில் இருந்தும் சைக்கிள் சாய்ந்து கிடந்ததற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

வேகத்தைக் கணிக்கத் தெரியாத பிள்ளைக்கு மரத்தைப் பார்க்கத் தெரியும். தாண்டும் இடத்திலிருந்து இரண்டு பக்கமும் 160 மீட்டர் அளந்து நடங்கள். அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள்: வேப்பமரமோ, பெட்ரோல் பங்க் போர்டோ, கோயில் வளைவோ ஏதாவது இருக்கும். விதி ஒன்றுதான். வண்டி மரத்துக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால் கால் எடுக்கக் கூடாது. ‘வேகமாக வருகிறதா, மெதுவாக வருகிறதா’ என்ற கேள்வியே வேண்டாம். மரம் இருக்கும் தூரம் வரைக்கும் ரோடு கண்ணுக்குத் தெரியவில்லை, வளைவு மறைக்கிறது என்றால் அது தாண்டும் இடமே இல்லை, வேறு இடம் தேடுங்கள். ஐம்பது மீட்டர் சுற்றினாலும் பரவாயில்லை.

பேருந்து நிற்கும்போது அதற்கு முன்னால் புகுந்து தாண்டுவது நான் கேள்விப்பட்டதிலேயே மோசமான பழக்கம். பெரியவர்களே செய்கிறோம், பிள்ளை பார்த்துக் கற்றுக்கொள்கிறது. நிற்கும் பேருந்தை முந்திக்கொண்டு வரும் பைக்குக்கு அந்தப் பிள்ளை கடைசி நொடி வரை தெரியாது. பஸ் போகட்டும், ரோடு முழுசாகத் தெரியட்டும், பிறகு மரத்தைப் பார்த்துத் தாண்டலாம். யாராவது ஒருவர் வண்டியை நிறுத்தி ‘போ போ’ என்று கையை ஆட்டினாலும் இதே கதைதான். அவர் நல்ல மனிதர், ஆனால் அவருக்குப் பின்னால் வருபவர் அவரை முந்துவார்.

இன்னொன்று, நடு ரோட்டில் ஹாரன் கேட்டதும் பிள்ளை திரும்பி ஓடுவது. ஓட்டுநர் பிள்ளை முன்னால் போய்விடும் என்று கணித்துப் பின்பக்கமாக வண்டியை ஒடித்திருப்பார். பிள்ளை அங்கேயே திரும்பி வரும். “பாதி தாண்டிவிட்டால் திரும்பாதே” என்று வெறுமனே சொல்லிப் பயனில்லை. வாசலில் கோலமாவால் இரண்டு கோடு போட்டு ரோடு மாதிரி வைத்து, அவன் நடுவில் வரும்போது நீங்கள் ஹாரன் சத்தம் போடுங்கள். பத்து முறை விளையாடினால் கால் தானாகப் பழகிவிடும்.

இனி மகள்.

பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் சைக்கிள் பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஏற்றது. உங்கள் மகளுக்குப் பதினொரு வயது. மாமனார் காலத்தில் எல்லாரும் பெரிய சைக்கிளில் பாருக்குள் கால் விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தான் கற்றோம், நானும் அப்படித்தான். அன்றைக்கு ரோட்டில் மணிக்கு ஒரு பஸ். சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு காலின் முன்பாதமும் தரையைத் தொட வேண்டும், ஹேண்டிலைப் பிடித்தபடியே விரல் பிரேக் பிடியை எட்ட வேண்டும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் அது அவளுக்கான சைக்கிள் இல்லை. அவள் உயரத்துக்கு அனேகமாக 24 இன்ச் சரியாக இருக்கும். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, கடைக்கு அவளையும் கூட்டிப்போய் உட்காரவைத்துப் பார்த்து வாங்குங்கள். செயின் கவர் கட்டாயம் இருக்க வேண்டும். துப்பட்டாவும் பாவாடையும் செயினில் மாட்டி விழுந்த பெண் பிள்ளைகள் ஏராளம். துப்பட்டாவை முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிவிட்டு ஏறச் சொல்லுங்கள். புத்தகப் பை முதுகிலோ கேரியரிலோ இருக்கலாம், ஹேண்டில்பாரில் எதுவும் தொங்கக் கூடாது. சாப்பாட்டுப் பை ஆடிப்போய் முன் சக்கரக் கம்பியில் சிக்கினால், சக்கரம் நின்று பிள்ளை தலைகுப்புற விழும்.

வீதியில் நன்றாக ஓட்டுவாள் என்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். லைசென்ஸுக்கு வருகிறவர்களை எட்டு போடச் சொல்பவன், என் மகளுக்கும் மைதானத்தில் எட்டு போடவே கற்றுக்கொடுத்தேன். பிரமாதமாகப் போடுவாள். முதல் நாள் ரோட்டில் பின்னால் ஹாரன் அடித்தது, திரும்பிப் பார்த்தாள். கழுத்து திரும்பிய பக்கமே ஹேண்டிலும் திரும்பியது. நல்ல வேளை, வந்தது பால்காரர் மொபெட். இரண்டு பேருக்கும் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. பால் மட்டும் கொட்டிவிட்டது. எட்டு போடுவதை விட நேராகப் போய்க்கொண்டே பின்னால் திரும்பிப் பார்ப்பது கஷ்டம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அதனால் முதல் இரண்டு வாரம் காலி மைதானம். தரையில் ஓர் அடி இடைவெளியில் நீளமாக இரண்டு கோடு. அதற்குள் அவள் ஓட்டிக்கொண்டு போகும்போது நீங்கள் பின்னால் நின்று விரல்களைக் காட்டுங்கள். வலது தோள் மேலாகத் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும், சக்கரம் கோட்டைத் தாண்டக் கூடாது. முதல் நாள் எல்லாருமே தாண்டுவார்கள். அடுத்தது, ஒரு கையை நீட்டிக் காட்டியபடி ஓட்டுவது. அப்புறம் ஒரு கோடு போட்டு, வேகமாக வந்து இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துக் கோட்டுக்கு முன்னால் நிற்பது. முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் தூக்கி எறியும், பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் இழுத்துக்கொண்டு போகும். சக்கரத்தை நனைத்துவிட்டு அதையே செய்யச் சொல்லுங்கள். மழையில் பிரேக் கட்டை எவ்வளவு வழுக்கும் என்று அவளே உணரட்டும். பொங்கல் விளையாட்டில் மெது சைக்கிள் போட்டி வைப்பார்களே, கடைசியாக வருபவருக்குப் பரிசு, அதை அண்டை வீட்டுப் பிள்ளைகளோடு வைத்துப் பாருங்கள். மெதுவாகப் போகும்போது ஆடாத பிள்ளை நெரிசலில் ஆடாது.

மூன்றாவது வாரம் ரோடு, ஆனால் சைக்கிள் இல்லாமல் நடந்து. அவள் முன்னால், நீங்கள் இரண்டடி பின்னால். பார்ப்பதை எல்லாம் கிரிக்கெட் வர்ணனை மாதிரி சத்தமாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும்: “முன்னாடி கார் நிற்குது, உள்ளே ஆள் இருக்கார், கதவைத் திறப்பார். சந்திலிருந்து டிராக்டர் வருது. இங்கே தார் உடைஞ்சிருக்கு.” அவள் சொல்லாமல் விட்டது எது என்று மட்டும் கவனியுங்கள். நடுவில் திட்டாதீர்கள், திட்டு விழுந்தால் வர்ணனை நின்றுவிடும். வீட்டுக்கு வந்து டீ குடிக்கும்போது, “அந்த வளைவில் என்ன பார்த்தே?” என்று கேளுங்கள். நான்காவது வாரம் அதே வழியில் சைக்கிளில் அவளும், ஸ்கூட்டரில் பின்னால் நீங்களும். பிறகு நீங்கள் முன்னாலேயே போய்ப் பாலத்தருகே காத்திருங்கள். மே மாதத்தில் பள்ளிக் கூட்டம் இருக்காது. அதனால் ஜூன் முதல் வாரம் மட்டும் கம்பெனியில் பேசி ஒரு மணி நேரம் தாமதமாகப் போக முடியுமா பாருங்கள், முடியாவிட்டால் கணவர் நான்கு நாள் லீவு போடட்டும். பிள்ளைகள் அவருக்கும்தானே.

ரோட்டில் அவளுக்கு நான் கொடுக்கும் விதிகள் குறைவு. இடது ஓரமாகப் போக வேண்டும், ஆனால் தார் விளிம்பை ஒட்டி அல்ல, ஓர் அரை மீட்டர் உள்ளே தள்ளி. நம் ரோடுகளில் மேலே மேலே தார் போட்டு, ஓர மண் ஒரு சாண் கீழே போயிருக்கும். சக்கரம் அதில் இறங்கிவிட்டால் சாய்வாக ஏற்ற முயலக் கூடாது, அங்கேதான் ரோட்டுப் பக்கமாக விழுவார்கள். நின்று, இறங்கி, தூக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். தோழியோடு ஜோடியாகப் பேசிக்கொண்டு போகக் கூடாது, டபுள்ஸ் கூடாது. இரண்டும் நடக்கத்தான் செய்யும், சொல்லிக்கொண்டே இருங்கள். வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் ஓட்டிக்கொண்டே நடு ரோட்டுக்குப் போகவே கூடாது. இடது ஓரத்திலேயே இறங்கி, நடப்பவளாக மாறி, மரம் பார்த்து, தள்ளிக்கொண்டு தாண்ட வேண்டும். பதினான்கு வயது வரைக்கும் இதை மாற்ற வேண்டாம்.

உங்கள் பகுதிக்கென்று ஒன்று சொல்கிறேன். கரும்பு வெட்டும் காலத்தில் டிராக்டர்கள் டிரெய்லர் விளிம்பைத் தாண்டிக் கரும்பு பிதுங்க வரும். பையன்கள் அந்த டிரெய்லரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மிதிக்காமல் போவார்கள், பார்க்க ஜாலியாக இருக்கும். டிரெய்லர் ஒரு குழியில் ஆடினால் சைக்கிள் நேரே அதன் சக்கரத்துக்குள் போகும். உங்கள் மகள் பிடிக்காவிட்டாலும், பிடிக்கும் பையனுக்குப் பின்னால் போவாள். கரும்பு டிராக்டர் வந்தால் ரோட்டை விட்டு இறங்கி நின்றுவிடச் சொல்லுங்கள்.

வாய்க்கால் மேட்டு வழி. இதில் எனக்கு இரண்டு மனசு. வண்டிகள் குறைவு, அது பெரிய லாபம். ஆனால் கீழ்பவானி வாய்க்காலாக இருந்தால் தண்ணீர் திறந்த காலத்தில் ஆழமும் இழுப்பும் அதிகம், கரையில் தடுப்பு கிடையாது. ஆள் நடமாட்டமில்லாத வழியில் பெண் பிள்ளையைத் தனியாக விடுவது பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் யோசித்திருப்பீர்கள். என் முடிவு இது: மூன்று பிள்ளைகளாவது சேர்ந்து போவதாக இருந்தால், வெளிச்சம் இருக்கும்போது, வாய்க்கால் வழி. தண்ணீருக்கு எதிர்ப்பக்கமாக ஓட்டட்டும். அந்த இடத்தில் மட்டும் ‘இடது ஓரம்’ என்ற விதிக்கு விடுமுறை. கரை குறுகும் இடத்தில் இறங்கித் தள்ளட்டும். தனியாகப் போகும் நாளில் மெயின் ரோடுதான், ஆள் பார்க்கும் ரோடு. நாய் துரத்தினால் வேகமாக மிதிக்க வேண்டாம், இறங்கிச் சைக்கிளைக் குறுக்கே வைத்து நிற்கட்டும், பெரும்பாலும் நாய் சலித்துப் போய்விடும். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். உங்கள் எண்ணோடு அதையும் மனப்பாடம் செய்ய வையுங்கள்.

யார் யார் அந்தப் பக்கம் பள்ளிக்குப் போகிறார்கள் என்று இந்த மாதமே விசாரியுங்கள். ஜப்பானில் பல ஊர்களில் ஒரே தெருவில் இருக்கும் பிள்ளைகள் ஓர் இடத்தில் கூடி, பெரிய வகுப்புப் பிள்ளை முன்னால் நடக்க, வரிசையாகத்தான் பள்ளிக்குப் போகிறார்கள். அதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம், நேரம் தவறாத ஒரு ஒன்பதாம் வகுப்பு அக்கா கிடைத்தால் போதும்.

ஹெல்மெட்டைச் சைக்கிளுக்குச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. முடிந்தால் வாங்குங்கள், புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு உட்கார வேண்டும். அப்பாவின் பைக் ஹெல்மெட்டை மாட்டி அனுப்பாதீர்கள். கனத்தில் கழுத்து திரும்பாது, காதும் கேட்காது. அதைவிட மலிவான ஒன்று, லாரியின் பின்னால் ஒட்டும் சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கர். சைக்கிளின் பின் மட்கார்டிலும் புத்தகப் பையிலும் ஒட்டுங்கள். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வரும் மார்கழி மாலையில் கருநீலச் சீருடை இருட்டோடு இருட்டாகிவிடும்.

அந்த பஸ் ஸ்டாப்பில் ரோட்டைத் தாண்டுவதற்கான வெள்ளை வரிக்கோடோ பள்ளி எச்சரிக்கைப் பலகையோ இல்லையென்றால் சும்மா விடாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்பது 2009-ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம். அந்தக் குழுவில் தீர்மானம் போட்டு, நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு மனு, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் ஒரு மனு. ‘பாதுகாப்பு வேண்டும்’ என்று பொதுவாக எழுதாமல், வரிக்கோடு, எச்சரிக்கைப் பலகை, அதிர்வுப் பட்டை, பள்ளி நேரத்தில் போலீஸ் பேரிகேட் என்று இடத்தைச் சொல்லிக் கேளுங்கள். தாமதமாகும். பேரிகேட்டுக்கு ஸ்டேஷனில் நேராகப் போய்க் கேட்டால் பல சமயம் சீக்கிரமே வந்துவிடும்.

கேட்காத ஒன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் கழித்து, “இவளே ஸ்கூட்டர் ஓட்டுவாளே, தம்பியையும் கூட்டிப் போவாளே” என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. சைக்கிளே இருக்கட்டும்.

கடைசியாக மகனின் காலைப் பயணம். மாமனார் தன் சைக்கிளில் பேரனை விட்டுவர முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேரும் இறங்கி, பையன் வர்ணனை சொல்ல, தாத்தா தள்ளிக்கொண்டு தாண்டட்டும். இரண்டு வருடப் பயிற்சி அதிலேயே முடிந்துவிடும். ஆனால் அதற்கு முன் அந்தச் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோய், கேரியருக்குக் கீழே இரண்டு பக்கமும் கால் வைக்கக் கட்டையும், பின் சக்கரக் கம்பியை மறைக்க வலையும் போடச் சொல்லுங்கள். கேரியரில் உட்காரும் சின்னப் பிள்ளையின் குதிகால் கம்பிக்குள் போய்ச் சதை பிய்ந்து வரும் காயம் நம் ஆஸ்பத்திரிகளில் ரொம்ப சாதாரணம். செருப்பு வேண்டாம், பையனுக்கு ஷூ மாட்டி அனுப்புங்கள்.